மிளகிக்குக் காது மடங்கிய கதை

அந்தக் காலத்தில் நாய்கள் பேசின. இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிக்கிறார்கள். கூண்டுக்கிளி இரண்டு வார்த்தை உளறினால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறவர்கள், நாய் பேசியது என்றால் மட்டும் வாயைக் கோணுகிறார்கள். கோணட்டும். நாய்கள் பேசத்தான் பேசின. மற்ற மிருகங்களும் பேசின, ஆனால் தங்களுக்குள் பேசிக்கொண்டன. மனிதன் முன்னால் வந்து உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துப் பேசியது நாய் மட்டும்தான்.

கரட்டுக் காட்டில் முள்ளம்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் வளைநாய் என்று ஒரு சின்ன நாய் வளர்ப்பார்கள். முழங்கால் உயரம்கூட இருக்காது. முன்னங்கால் இரண்டும் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். உடம்பெல்லாம் செம்மண் நிறம். மூக்கும் வாயும் மட்டும் கரி அப்பினாற்போலக் கறுப்பு. காது இரண்டும் மடங்கித் தொங்கும். நெற்றியில் சுருக்கம் வேறு, எப்போதும் எதையோ யோசித்துக்கொண்டிருப்பதுபோல.

குணமும் அப்படித்தான். வளைக்குள் போய்விட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே வராது. பிடிவாதம் பிடித்த சனியன் என்று திட்டு வாங்கும். வளர்த்தவனை விட்டு ஒரு நாளும் போகாது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தும் படுக்காது. முதுகை அவன் காலோடு ஒட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். இதெல்லாம் பிறவியிலேயே வந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. எல்லாம் மிளகி என்ற ஒருத்திக்கு ஒரே நாளில் வந்தது.

மிளகியை வளர்த்தவன் பெயர் உருமன். அவன் பெண்சாதி செம்பி. அவர்களுடைய தலைப்பிள்ளை பிறந்து நாலாம் நாளே போய்விட்டது. அதே வாரத்தில் அவர்களுடைய பெட்டைநாயைக் காட்டுப்பன்றி கிழித்துப் போட்டுவிட்டது. கண் திறக்காத குட்டி ஒன்று மட்டும் மிஞ்சியது. மிளகு அளவுக்குத்தான் இருந்தது என்று உருமன் சொல்வான்; பேரும் அப்படி வந்ததுதான். பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு மாரில் பால் கட்டிக்கொண்டு துடித்த செம்பி, அந்தக் குட்டியை எடுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சனத்தில் அது புதுசும் இல்லை. அப்படித்தான் மிளகி செம்பியின் பாலில் வளர்ந்தாள். அவளை ஆத்தா என்றாள், உருமனை அய்யா என்றாள். அவனும் அவளை மகளைக் கூப்பிடுவதுபோல ஆத்தா, தாயி என்றுதான் கூப்பிடுவான்.

அப்போது மிளகிக்குக் கால்கள் நேராக இருந்தன. வாய் வெளுப்பாக இருந்தது. காதுகள் இரண்டும் பூவரச இலைபோல நிமிர்ந்து நிற்கும். காட்டில் எங்கேயாவது ஒரு சருகு நகர்ந்தால் முதலில் அந்தக் காது திரும்பும், பிறகுதான் மற்ற நாய்கள் தலையைத் தூக்கும். வாயோ ஓயாத வாய். வேட்டைக்குப் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். "சும்மா வா தாயி, காட்டுக்கே கேக்கப் போவுது" என்று உருமன் அதட்டுவான். அதட்டுகிற குரலிலேயே சிரிப்பும் இருக்கும்.

முள்ளம்பன்றி வேட்டைக்கு அந்தச் சனம் ஒரு முறை வைத்திருந்தது. வளைக்கு எத்தனை வாய் இருந்தாலும் இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கல் வைத்து அடைப்பார்கள். ஒரு வாயில் பச்சைத்தழை போட்டு மூட்டம் போட்டால், புகை தாங்காமல் பன்றி இன்னொரு வாய் வழியாக ஓடி வரும். அங்கே தடியோடு ஆள் நிற்பான். ஆனால் நெருப்பு வைப்பதற்கு முன்னால் நாயை உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே பால் குடிக்கிற குட்டி இருக்கிறதா என்று அது பார்த்து வந்து சொல்ல வேண்டும். குட்டி இருக்கிற வளைக்குப் புகை கிடையாது. பசியில் உயிர் போனாலும் கிடையாது.

இதில் இன்னொன்றும் உண்டு. வளர்த்தவன் தன் நாயைக் கேட்கக் கூடாது. வளைவாயில் குப்புறப் படுத்து, வெளியே வரும் நாயைக் கை நீட்டித் தூக்கி எடுப்பது மட்டும்தான் அவன் வேலை. கேட்பது நெருப்பு வைத்திருக்கிறவன். "பால் மணக்குதா?" என்பான். மணக்குது என்று நாய் சொன்னால் தழையை உதறிப் போட்டுவிட்டு எல்லோரும் நடையைக் கட்ட வேண்டியதுதான். மணக்கல என்றால் நெருப்பு வைக்கலாம். வளர்த்தவனைக் கேட்கவிட்டால் நாய் கண்ணில் பட்டதைச் சொல்லாது, அவன் முகத்தில் தெரிகிற ஆசையைத்தான் சொல்லும் என்று முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. நாயைப் பற்றி மட்டும் தெரிந்து வைத்திருந்தார்களா, மனிதனைப் பற்றியும் சேர்த்துத்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிறகு மழை இல்லாத ஒரு வருஷம் வந்தது. அடுத்த வருஷமும் இல்லை. ஓடை காய்ந்து, கிழங்குக் கொடி காய்ந்து, மான்கள் எல்லாம் மேல்மலைக்கு ஏறிப் போய்விட்டன. உடும்புகூடக் கண்ணில் படவில்லை. அந்த வருஷம் பார்த்துத்தான் செம்பிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண். நல்ல கண், நல்ல முடி. ஆனால் தாய் மாரில் பால் இல்லை. தின்றால்தானே ஊறும்? கொஞ்ச நாள் அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு முனகியது. அதற்கும் பிறகு சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"மாமா, மொதல்ல போனதும் இப்படித்தான் செஞ்சிச்சு" என்றாள் செம்பி. அவள் அழவில்லை. அதுதான் உருமனுக்குத் தாங்கவில்லை.

அன்று காலையில் அவன் மிளகியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். செம்பியின் அண்ணன் கொடியன் நெருப்புச் சட்டியோடு கூட வந்தான். காடெல்லாம் அலைந்து, வெயில் ஏறி, இனித் திரும்பிவிடலாம் என்று கொடியன் சொன்ன நேரத்தில், ஒரு பாறைச் சரிவில் மிளகி நின்றாள். இரண்டு காதும் தரைப்பக்கம் திரும்பின.

"அய்யா, உள்ள இருக்கு."

கொடியன் கல் பொறுக்கி வளையின் மற்ற வாய்களை அடைத்தான். மேல்வாயில் தழையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றான். உருமன் கீழ்வாயில் குப்புறப் படுத்தான். மிளகி அவன் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே போனாள்.

வளைக்குள் பேசுவது வாயில் படுத்திருக்கிறவனுக்குக் கேட்கும். பெரும்பாலும் கேட்காததுபோல இருந்துவிடுவார்கள். அன்று உருமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"வந்துட்டியா? வருவீங்கன்னு தெரியும்" என்றது முள்ளம்பன்றியின் குரல். பெட்டைக் குரல். "மெதுவா வா. குட்டிய மிதிச்சிராத."

"எத்தன?" என்றாள் மிளகி.

"ரெண்டு. இன்னும் முள்ளு கெட்டிப்படல. மோந்து பாரு, பச்சப்புல்லு மாதிரி இருக்கும்."

முகர்கிற சத்தம் கேட்டது. பிறகு மிளகி, "பால் மணக்குது" என்றாள்.

"ஆமா. எனக்கே திங்க ஒண்ணுமில்ல. இதுகளுக்கு மட்டும் எங்கேருந்து ஊறுதோ தெரியல. போயி சொல்லிரு தாயி. அவங்கள அந்தப்பக்கம் போகச் சொல்லு."

"சொல்லிர்றேன். பயப்படாத."

உருமன் கண்ணை மூடினான். மூடிய கண்ணுக்குள் ஒரு சின்ன வாய் திறந்து திறந்து மூடியது.

மிளகியின் தலை வெளியே தெரிந்ததும் அவளை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கொடியன் மேட்டில், பாறைக்கு அந்தப் பக்கம் நின்றான். நிமிர்ந்து நின்ற அந்தக் காதில் உருமன் வாயை வைத்தான்.

"தாயி. மணக்கலன்னு சொல்லு."

மிளகிக்கு முதலில் விளங்கவே இல்லை. நடந்ததைத் தவிர வேறொன்றைச் சொல்லலாம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

"ரெண்டு குட்டி இருக்குய்யா."

"தெரியும். கேட்டுச்சு."

"போகச் சொல்றேன்னு அதுகிட்டச் சொல்லிட்டனே."

"பாப்பா நாளைக்கு இருக்காது ஆத்தா. உங்காத்தா மாருல ஒரு சொட்டு இல்ல. நீ குடிச்சு வளந்த பாலுடி அது. மறந்துட்டியா?"

அவன் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அடித்திருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். கொடுத்த பாலைக் கணக்குக் காட்டியிருக்கக் கூடாது. ஆனால் அவனுடைய இடத்தில் நானோ நீங்களோ இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்போம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கொடியன் பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தான். "மிளகி, பால் மணக்குதா?"

அவள் உருமன் முகத்தைப் பார்த்தாள். அவன் வேறு எங்கோ பார்த்தான்.

"மணக்கல" என்றாள்.

நாய் சொன்னால் சொன்னதுதான். கொடியன் தழையில் நெருப்பை வைத்து ஊதினான். பச்சைத்தழைப் புகை மேல்வாய் வழியாக உள்ளே இறங்கியது. கீழ்வாயில் உருமன் தடியோடு நின்றான். இப்போது வரும், இதோ வரும் என்று பார்த்தார்கள். முள் குலுங்குகிற சத்தம் கேட்டது. இருமுகிற சத்தம் கேட்டது. பன்றி மட்டும் வரவில்லை.

"என்ன மாப்ள இது?" என்றான் கொடியன். "இம்புட்டுப் புகைக்கு வெளிய ஓடியாந்துருக்கணுமே. குட்டி இருந்தாத்தான் தாய் நகராம கெடக்கும்."

உருமன் காலடியில் நின்றிருந்த மிளகி அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கீழ்வாயில் பாய்ந்து உள்ளே போய்விட்டாள்.

"மிளகி!"

அவன் தடியை எறிந்துவிட்டு மண்ணில் விழுந்தான். "மிளகி! வெளிய வா! தாயி, செத்துருவ, வாடி!" வளைவாயில் தலையை விட்டான், புகை முகத்தில் அடித்தது. கூப்பிட்ட குரலுக்கு அவள் வராமல் இருந்ததே கிடையாது. தின்றுகொண்டிருந்தால்கூட வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். அன்று தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டான். அவள் வரவில்லை. கொடியன் மேலே ஏறி நெருப்பை மிதித்து அணைத்தான். ஆனால் வளை முழுக்க நிறைந்த புகை அப்படிச் சட்டென்று போய்விடுமா?

ரொம்ப நேரம் கழித்து, சரிவின் பக்கவாட்டில், வாயே இல்லாத ஓர் இடத்தில் மண் பெயர்ந்தது. கல்லும் வேருமாகக் கிடந்த இடம். அதைப் பிறாண்டிப் பிறாண்டி மிளகி வெளியே வந்தாள். உருமனுக்கு அடையாளம் தெரியவில்லை. நகம் எல்லாம் தேய்ந்து ரத்தம். முன்னங்கால் இரண்டும் பிசகி, பாதம் வெளிப்பக்கம் திருகியிருந்தது; நிமிர்ந்து நிற்க முடியாமல் நெஞ்சு தரையில் பட்டது. மூக்கும் வாயும் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டன. அந்தக் கறுத்த வாயில், பல் படாமல், ஒரு முள்ளம்பன்றிக் குட்டியைக் கவ்வியிருந்தாள். ஒன்றுதான். அதற்கு உயிர் இருந்தது.

கொடியன் அந்தக் குட்டியைப் பார்த்தான். மிளகியைப் பார்த்தான்.

"மணக்கலன்னியே, மிளகி?"

அவள் குட்டியைக் கீழே வைத்தாள். திரும்பி உருமனைப் பார்த்தாள். நான்தான் சொல்லச் சொன்னேன் மச்சான் என்று அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"இருட்டுல தெரிஞ்சிருக்காது மச்சான்" என்றான் உருமன். "நாய்தானே."

அந்த வார்த்தைக்குத்தான் மிளகியின் காது விழுந்தது. அதுவரை புகையிலும் மண்ணிலும் நிமிர்ந்தே இருந்த காது. அவன் வாய் வைத்து ஓதிய காது முதலில் மடங்கியது, அப்புறம் மற்றது. நெற்றியில் சுருக்கம் விழுந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கனத்த குரைப்புதான் வந்தது, மண்ணுக்கு அடியிலிருந்து வருவதுபோல.

பொய் சொன்னதற்காக மலை அவள் நாக்கைப் பிடுங்கிக்கொண்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் அய்யாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இன்னொரு பொய் சொல்ல அவளால் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் அவள் பேச்சையே விட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

கொடியன் நெருப்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, "இனிமே எந்த நாயக் கேட்டு நெருப்பு வைக்க?" என்றான். தன் பங்கைக் கேட்காமல் இறங்கிப் போனான்.

உருமன் வளையைத் தோண்டித் தாய்ப்பன்றியை எடுத்தான். இன்னொரு குட்டி அதன் வயிற்றுக்கு அடியில் கிடந்தது. அதை அங்கேயே மூடினான். தாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மிளகி குட்டியைக் கவ்விக்கொண்டு, நொண்டி நொண்டிப் பின்னால் வந்தாள். வழியெல்லாம் ஒரு பேச்சு இல்லை.

குடிசைக்கு வந்ததும் மிளகி நேராகச் செம்பியிடம் போனாள். குட்டியை அவள் மடியில் வைத்தாள். தன்னைக் கண் திறக்காத வயதில் வைத்த அதே மடி. செம்பிக்குக் கேட்காமலே புரிந்தது. அதை எடுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டாள். அது முட்டியது. காய்ந்த மாரைப் பிடித்து இழுத்தது. இருந்தால்தானே வரும்?

"மாமா," என்றாள் செம்பி, தலையைத் தூக்காமல், "இவளுக்குப் பொய் தெரியாது. யாரு சொல்லிக் குடுத்தது?"

உருமன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு, "நான்தான்" என்றான். கொடியனிடம் சொல்ல வேண்டியதை இங்கே சொன்னான். மிளகி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காது மட்டும் நிமிரவில்லை.

செம்பி அவனைத் திட்டவில்லை. எழுந்துபோய்க் கறியை அறுத்தாள். கத்தி பன்றியின் பால்மடியில் பட்டதும் வெள்ளையாகப் பால் வழிந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, வேகவைத்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தின்றாள். அழுதுகொண்டே தின்றாள். உருமன் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

வெயில் இறங்குவதற்குள் அந்தக் குட்டி செத்துப்போனது. மறுநாள் காலையில் செம்பிக்குப் பால் வந்தது. பிள்ளை குடித்தது. குடித்து, வயிறு நிறைந்து, சத்தம் போட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு உருமன் வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். செம்பி ஒரு சிரட்டையில் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி மிளகி முன்னால் வைத்தாள். மிளகி அதை முகர்ந்து பார்த்தாள். குடிக்கவில்லை. குட்டியைப் புதைத்த இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காட்டுக்குள் ஓடிப்போயிருக்கலாம் அவள். யார் தடுத்தது? போகவில்லை. அன்று இருட்டியதும் வந்து உருமன் காலடியில் படுத்தாள். முதுகை அவன் காலோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவனும் கையை நீட்டித் தடவத் துணியாமல் அசையாமல் கிடந்தான்.

பிறகு மழை பெய்தது. வேட்டையும் வந்தது. மிளகி குட்டைக் காலை வைத்துக்கொண்டு முன்பைவிட ஆழமாக வளைக்குள் போனாள். ஒரு நாள் உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. உருமன் வாயில் படுத்து, "தாயி, வா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். நாய் உள்ளே இருக்கிற வளைக்குப் புகை போட முடியுமா? கொடியன் தழையை வைத்துக்கொண்டு நின்று நின்று பார்த்தான். சட்டென்று அவனுக்கு விளங்கியது. "மாப்ள, உள்ள குட்டி இருக்கு" என்றான். நெருப்பை அணைத்துவிட்டு இருவரும் சரிவில் கொஞ்ச தூரம் இறங்கிப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் மிளகி வெளியே வந்தாள்.

அவளுக்குப் பிறந்த குட்டிகளுக்கும் அதே கால், அதே கறுத்த வாய், அதே தொங்கல் காது. அவற்றில் ஒன்றுகூடப் பேசவில்லை. மிளகி பேச்சை விட்ட அன்றோடு மற்ற நாய்களும் விட்டுவிட்டன. உருமனின் மகள் வளர்ந்து, அவளும் குட்டி வளர்த்தாள். அந்தச் சனத்தில் நாயிடம் கேள்வி கேட்கிற வழக்கமே நின்றுபோனது. வளைவாயில் படுத்துப் பேசாமல் காத்திருப்பார்கள். நாய் வந்தால் நெருப்பு. வராவிட்டால் நடை.

விவரம் தெரியாதவர்கள் இன்றும் வளைவாயில் நின்று பேர் சொல்லிக் கத்துகிறார்கள், வராததற்குத் திட்டுகிறார்கள். அதற்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் மிளகி உள்ளே போன அந்த நாளிலிருந்து, வளைக்குள் பால் மணந்தால், கூப்பிடுகிறவன் வாரி எடுத்துக் காதில் என்ன சொல்லப் போகிறானோ என்ற பயத்தில், வளைநாய் வெளியே வருவதே இல்லை.